கொடுத்தவருக்குக் கணக்குச் சொல்லுங்கள்

கேள்வி: தேவகோட்டைப் பக்கத்தில் எங்கள் ஊர் அறக்கட்டளை மருத்துவமனைக்கு நான் செயலாளர். இருபத்துநாலு படுக்கை. இரண்டு வருஷத்துக்கு முன் நன்கொடை திரட்டி இரண்டு டயாலிசிஸ் மெஷின் வாங்கினோம். காரைக்குடி முதல் கோலாலம்பூர் வரை கொடுத்தார்கள். இப்போது அவற்றுக்குத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. பிளான்ட் மாற்றப் பணம் கேட்டால் பாதிப் பேர் பதிலே போடவில்லை. ஒருவர், கல்வெட்டில் தன் விலாசத்தை (பெயருக்கு முன் வரும் குடும்ப எழுத்துகளை) தப்பாகப் போட்டுவிட்டோம் என்று வருத்தத்தில் இருக்கிறார். ஒரு ஆச்சி, "பணம் வேணும்னாத்தான் எங்க ஞாபகம் வருமா?" என்று கேட்டுவிட்டார். பெரிய பாராட்டு விழா வைத்து எல்லோருக்கும் பொன்னாடை போர்த்திவிடலாம் என்கிறது கமிட்டி. அது சரிதானா? எப்படி நன்றி சொல்வது முறை?

பதில்: விழா வேண்டாம். அறுபது பேருக்குப் பொன்னாடை, ஆளுக்கு இரண்டு நிமிஷம் என்றால் அதற்கே இரண்டு மணி நேரம். முன்னால் வரவேற்புரை, பின்னால் நன்றியுரை, வார்டில் படுத்திருப்பவர் காதில் ஒலிபெருக்கி. யாருக்கு எந்த நாற்காலி என்பதில் புதிதாக நாலு மனஸ்தாபம் கிளம்பும். கோலாலம்பூர்க்காரர் எப்படியும் வரப்போவதில்லை. போதாததற்கு, பொன்னாடைச் செலவு யார் பணம் என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி.

ஆச்சி கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள், அது போதும். கொடுத்த பணம் என்ன ஆனது என்று இரண்டு வருஷமாக அவருக்கு யாரும் சொல்லவில்லை. பேரேட்டில் காசு சுத்தமாகக் கணக்கு எழுதிப் பழகிய ஊர்கள் இவை. இங்கே கணக்குச் சொல்வதை விடப் பெரிய மரியாதை எதுவும் இல்லை.

சொல்வதற்கு உங்களிடம் நல்ல கணக்கு இருக்கிறது. ஒரு மெஷினில் நாளுக்கு இரண்டு ஷிஃப்ட், வாரம் ஆறு நாள் என்றால் 12 டயாலிசிஸ். ஒரு நோயாளிக்கு வாரம் மூன்று முறை வீதம் ஒரு மெஷினை நம்பி நான்கு பேர். இரண்டு மெஷினும் முழுதாக ஓடினால் வருஷத்துக்குச் சுமார் 1,250 டயாலிசிஸ். உங்கள் ரிஜிஸ்டரில் உண்மையான எண்ணிக்கை இருக்கும், அதை எடுத்து எழுதுங்கள். எலெக்ட்ரானிக் போர்டு போய் ஒரு மெஷின் இருபது நாள் நின்றது என்றால் அதையும் எழுதுங்கள். குறையைச் சொன்னால் அடுத்த தடவை கொடுக்க மாட்டார்கள் என்று கமிட்டி பயப்படும். ஊரில் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த குறையை மறைப்பதுதான் ஆபத்து.

ஆர்.ஓ. பிளான்ட்டுக்கு ஏன் பணம் தேவை என்பதையும் இதே கணக்கில் சேர்த்துச் சொல்லலாம். ஒரு டயாலிசிஸ் நாலு மணி நேரம். நிமிஷத்துக்கு 500 மில்லி வீதம், ஆர்.ஓ. தண்ணீரில் கலந்த 120 லிட்டர் திரவம், மெல்லிய சவ்வு ஒன்றுக்கு அந்தப் பக்கம் நோயாளியின் ரத்தத்தை ஒட்டி ஓடுகிறது. தண்ணீரில் குளோரமின் என்ற கிருமிநாசினி மிஞ்சினால் சிவப்பணுக்கள் சிதையும். போர்வெல் தண்ணீரில் உப்பு கூடினால் ஆர்.ஓ. பிளான்ட்டின் வடிகட்டியான மெம்பிரேன் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மெஷின் வாங்கிக் கொடுத்தவருக்கு இதைச் சொல்லியிருந்தால், இப்போது வரும் வேண்டுகோள் அவருக்குப் புதுச் செலவாகத் தெரிந்திருக்காது.

அடுத்தது பெயர். செட்டிநாட்டில் நன்றி கெடுவது பெரும்பாலும் இங்கேதான். விலாசம் சித.அரு.பழ. என்று இருக்கும். தட்டச்சு செய்பவர் பழக்கத்தில் சி.அ.ப. என்று சுருக்கிவிடுவார், அது வேறு குடும்பம். பான் அட்டையிலோ பெயர் வேறு விதமாக இருக்கலாம். அதனால் நன்கொடைப் பதிவேட்டில் பெயருக்கு மூன்று கட்டம் வையுங்கள்: பான் அட்டையில் உள்ளபடி, தமிழில் விலாசத்தோடு, கடிதத்தில் அழைக்க வேண்டிய விதம். பெண் கொடுத்திருந்தால், தன் பெயரிலா, பிறந்த வீட்டுப் பெற்றோர் நினைவாகவா என்று அவரிடமே கேளுங்கள். கணவர் விலாசத்தை நீங்களாகச் சேர்க்காதீர்கள். ராமநாதனா, இராமநாதனா என்பதும் அவர் எழுதுகிறபடியே.

முகவரியும் பாருங்கள். பூர்வீக வீட்டு முகவரிக்கு அனுப்பிய கடிதம், வருஷத்தில் பத்து மாதம் பூட்டியிருக்கும் வீட்டுக் கதவிடுக்கில் கிடக்கும், அல்லது காவல்காரரின் அலமாரியில். இப்போது எங்கே இருக்கிறார்கள், எந்த எண்ணில் கிடைப்பார்கள், மகனா மகளா யார் கடிதத்தைப் பார்ப்பார் என்று ரசீது போடும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

பணம் வந்த இரண்டு நாளுக்குள் ஒரு போன். செயலாளரோ டாக்டரோ பேச வேண்டும், ஆபீஸ் பையன் அல்ல. மலேசியா, சிங்கப்பூர் நம்மை விட இரண்டரை மணி நேரம் முன்னால். நமக்கு மாலை ஐந்தரை என்றால் அங்கே இரவு எட்டு, பேசத் தோதான நேரம். அந்தப் போனில் அடுத்த தேவையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. ஒரு வாரத்துக்குள் ரசீதும், பேனாவால் கையெழுத்திட்ட கடிதமும். ஆறு மாதத்தில் கணக்கு. இந்த மூன்றும் முடியாமல் அவரிடம் மறுபடி கேட்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் கொடுத்தவர்களை எல்லாம் ஒரே குழுவில் போட்டு யார் எவ்வளவு என்று பட்டியல் விடுவது பல இடங்களில் நடக்கிறது. ஐந்நூறு ரூபாய் கொடுத்தவர் கூசிப்போவார், ஐந்து லட்சம் கொடுத்தவருக்கு வேறு பத்து இடத்திலிருந்து போன் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி போகும் பிராட்காஸ்ட் பட்டியல் நல்லது, ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். முதல் போனிலேயே எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிடுங்கள்.

வரி விஷயத்தில் நடக்கும் தவறு, எவ்வளவு நயமாக எழுதிய நன்றியையும் வீணாக்கும். நன்கொடை கொடுத்தவருக்கு வருமான வரிக் கழிவு தரும் 80ஜி சலுகைக்கு உங்கள் ரசீது மட்டும் போதாது. நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் நீங்கள் நன்கொடை விவரங்களை 10பிடி படிவத்தில் தாக்கல் செய்து, 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழை இறக்கி அவருக்கு அனுப்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு ரூ.200 கட்டணம். பான் எண்ணில் ஒரு எழுத்து தவறினாலும் அவருடைய கழிவு நிற்காது, கோபம் உங்கள் மேல்தான். ரொக்கமாக ரூ.2,000-க்கு மேல் கொடுத்தால் 80ஜி கிடையாது. பொருளாகக் கொடுத்தாலும் கிடையாது. புதிய வரித் திட்டத்தில் இருப்பவருக்கு இந்தக் கழிவே இல்லை, ஆகவே கடிதத்தில் வரிச் சலுகையைப் பெரிதுபடுத்த வேண்டாம். 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறை என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. ரசீதுப் புத்தகத்தை மொத்தமாக அச்சடிக்கும் முன் ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள்.

'பெயர் வேண்டாம்' என்பவர்கள் உண்டு. கல்வெட்டிலும் மலரிலும் விட்டுவிடுங்கள், பதிவேட்டில் விடக் கூடாது. பெயர், முகவரி இல்லாத நன்கொடை ஓர் அளவுக்கு மேல் போனால் அறக்கட்டளைக்கு 30 சதவீத வரி. வரவேற்பறை உண்டியலுக்கும் இது பொருந்தும்.

கோலாலம்பூர் பணத்தில் இன்னும் கவனம் வேண்டும். கொடுத்தவர் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. மலேசியக் குடிமகனாகிவிட்டாலோ, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலோ ஆகும். அப்போது வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.வின் கீழ் பதிவு வேண்டும், பணமும் டெல்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள அதற்கான கணக்குக்குத்தான் வர வேண்டும். தேவகோட்டைக் கணக்கில் வாங்கிக்கொண்டு நன்றிக் கடிதமும் எழுதினால், விதிமீறலுக்கு நீங்களே எழுதிக் கொடுத்த சாட்சி அது. இங்கே இருக்கிற மச்சான் கணக்கு வழியாக அனுப்புவதும் தீர்வல்ல. பதிவு இல்லையென்றால் மரியாதையாகக் காரணம் சொல்லி வேண்டாம் என்று விடுங்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது மருத்துவமனையைச் சுற்றிக் காட்டுங்கள், அதற்கு எந்தப் பதிவும் தேவையில்லை.

கல்வெட்டுக்கு வருவோம். தப்பான விலாசத்தின் மேல் பெயின்ட் அடித்துத் திருத்தாதீர்கள், அந்தப் பலகையையே மாற்றுங்கள். புதிதாக வெட்டும் முன் எழுத்துப்படியைக் குடும்பத்துக்கு அனுப்பி, 'சரி' என்று எழுத்தில் வாங்குங்கள். பிறகு நீங்களே அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள், போனில் முடிக்கிற காரியமல்ல. எல்லாப் பெயரையும் ஒரே கல்லில் வெட்டினால் ஒரு பிழைக்கு மொத்தக் கல்லும் போகும். பெயருக்கு ஒரு சிறு பலகை, திருகாணியில் கழற்றும்படி வையுங்கள். வரிசை அகர வரிசை. தொகை வரிசை வைத்தால், இன்று முதலில் நிற்கும் லட்சம் பத்து வருஷத்தில் கடைசிக்குப் போய்விடும். இடம் வரவேற்பறைச் சுவர். வார்டுச் சுவரைத் துடைக்கும் ஹைப்போகுளோரைட் கிருமிநாசினி பித்தளையைக் கறுப்பாக்கும், ஸ்டீலையும் அரிக்கும். கட்டில், சக்கர நாற்காலி, குளுக்கோஸ் ஸ்டாண்டு என்று எல்லாவற்றிலும் 'உபயம்' எழுதுவது, டியூப் லைட்டில் உபயம் எழுதி வெளிச்சத்தை மறைத்த கதைதான். மெஷினுக்குப் பெயர் வைத்தால், அது மெஷின் ஓடும் வரையா, அந்த அறை இருக்கும் வரையா என்று முதலிலேயே எழுதிவிடுங்கள். என்றைக்காவது மெஷினை மாற்றியே ஆக வேண்டும்.

பொருளாக வந்ததற்கும் கணக்கு உண்டு. 2021-இல் கொரோனா இரண்டாம் அலையில் வந்த, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர்கள் பல ஊர்களில் ஸ்டோரில் தூசி படிந்து கிடக்கின்றன. ஓடாமல் கிடந்தால் உள்ளே காற்றைப் பிரிக்கும் ஜியோலைட் துகள்கள் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு ஆக்சிஜனின் சுத்தம் குறைந்துவிடும். கொடுத்தவர் ஒரு நாள் வந்து பார்ப்பார். அதற்கு முன் ஓட்டிப் பார்த்து, தேறுவதை வீட்டில் ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளிக்கு இரவலாகக் கொடுத்து, அந்தத் தகவலை அவருக்கு எழுதுங்கள். பிரித்த மாத்திரை அட்டைகளைக் கொண்டு வருபவரிடம் மட்டும் நன்றி சொல்லி மறுத்துவிடலாம்.

அப்பச்சி (அப்பா) திதியன்று நோயாளிகளுக்குச் சாப்பாடு என்று கட்டளை வைத்தவர்களுக்கு ஆங்கிலத் தேதியைக் குறிக்காதீர்கள். மாதம், வளர்பிறையா தேய்பிறையா, திதி என்று எழுதி, சித்திரையில் புதுப் பஞ்சாங்கம் வந்ததும் அந்த வருஷத் தேதிகளை ஒரே உட்காரலில் எடுத்துவிடுங்கள். அன்று காலை சமையலறையிலிருந்து ஒரு போட்டோ போதும், இலையும் சாதமும் தெரியட்டும், நோயாளி முகம் தெரிய வேண்டாம். நோயாளியைப் பற்றி எழுதும்போது பெயரை மறைத்து 'புதுவயல் பக்கத்து ஐம்பத்துநாலு வயது அம்மா' என்று எழுதினாலும் நம் ஊர்களில் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளும் நோயாளி ரகசியத்தைக் காக்கச் சொல்கின்றன. கொடுத்தவர் ஆசைப்பட்டாலும் டயாலிசிஸ் நடக்கும்போது கட்டிலருகே நிறுத்திப் படம் எடுக்க விடாதீர்கள்.

'உங்கள் குடும்பத்துக்கு இலவச வைத்தியம், தனி அறை' என்றெல்லாம் கடிதத்தில் வாக்குக் கொடுக்கவே கூடாது. பெரிய தொகை கொடுத்தவருக்கு அறக்கட்டளை சலுகை காட்டினால் அறக்கட்டளையின் வரிவிலக்கே கேள்விக்குள்ளாகும்.

கடிதம் இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

"மதிப்பிற்குரிய ஆச்சி அவர்களுக்கு, வணக்கம். தங்கள் தாயார் நினைவாக மார்ச் 12 அன்று தாங்கள் அனுப்பிய ரூ.25,000 வந்து சேர்ந்தது. தாங்கள் எழுதியபடியே அதை டயாலிசிஸ் பிரிவின் டயலைசர் வடிகட்டி, குழாய்ச் செலவுக்கு மட்டும் வரவு வைத்திருக்கிறோம். ரசீது இணைத்துள்ளோம். வரிச் சான்றிதழ் மே மாதக் கடைசிக்குள் வந்து சேரும். எத்தனை பேருக்கு இது பயன்பட்டது என்ற கணக்கைப் புரட்டாசியில் எழுதுகிறோம். ஊருக்கு வரும்போது அவசியம் மருத்துவமனைக்கு வர வேண்டும்."

இதில் 'கருணை உள்ளம்', 'வள்ளல்' எதுவும் இல்லை, வேண்டியதும் இல்லை. மாதம் முந்நூறு ரூபாய் போடும் மளிகைக்கடைக்காரருக்கும் ஓய்வுபெற்ற டீச்சருக்கும் இதே தாள், இதே கையெழுத்து. அவர்களுக்கு மாதாமாதம் கடிதம் வேண்டாம், வருஷத்துக்கு ஒன்று போதும், மொத்தத் தொகையோடு.

பதில் போடாதவர்களை இப்போது விரட்டாதீர்கள். ஆர்.ஓ. வேண்டுகோளை மூன்று மாதம் நிறுத்தி வையுங்கள். இரண்டு வருஷ டயாலிசிஸ் கணக்கை ஒரே பக்கத்தில் எழுதி, பணம் கேட்காமல் எல்லோருக்கும் அனுப்புங்கள். முதல் பிரதி ஆச்சிக்கு, நேரில். செவ்வாய்ப் பொங்கலுக்கு நாட்டரசன்கோட்டைக்கு வருபவர்கள், பிள்ளையார் நோன்புக்கோ முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ ஊர் திரும்புபவர்கள் யார் யார் என்று பட்டியல் எடுத்து, அரை மணி நேரம் வந்து பார்க்கக் கூப்பிடுங்கள். வந்தவருக்கு ஒரு காபி, ஆர்.ஓ. அறை, பழைய மெம்பிரேன், டெக்னீசியனின் தண்ணீர்ப் பரிசோதனை நோட்டு. மூன்று மாதத்துக்குள் தண்ணீர்ப் பரிசோதனையில் அளவு மீறினால் மட்டும் காத்திருக்க வேண்டாம். அந்த ரிப்போர்ட்டின் நகலோடு அன்றே எழுதிக் கேட்டுவிடுங்கள்.