வீட்டில் நடந்தது என்று பள்ளி கைகழுவினால்

செம்பூரிலிருந்து எழுதிய அக்கா, எட்டாம் வகுப்பில் படிக்கும் உங்கள் மகளின் முகத்தை வேறு படத்தில் ஒட்டிக் கேலி செய்ய, கூடப் படிக்கும் பையன்கள் இன்ஸ்டாகிராமில் பக்கம் திறந்திருக்கிறார்கள். "ராத்திரி வீட்டில் நடந்தது, பள்ளிக்குச் சம்பந்தமில்லை" என்கிறார் பிரின்சிபால். அது சரியில்லை. பக்கம் ராத்திரி திறந்தாலும், பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது காலையில் வகுப்பில்தானே?

கோபத்தில் உடனே ரிப்போர்ட் அடிக்காதீர்கள், பக்கத்தோடு ஆதாரமும் போய்விடும். கணக்கின் பெயர், தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு அப்புறம் அடியுங்கள். படம் ஆபாசமாக இருந்தால் கதையே வேறு. சொந்த அண்ணனுக்குக்கூட அனுப்பாதீர்கள், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வரை போகும். நேரே போலீஸ், இல்லையென்றால் தேசிய சைபர் குற்றப் புகார் தளம். குழந்தைகள் உதவிக்கு 1098.

பள்ளிக்கு வாய்ப்பேச்சு வேண்டாம். கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக நகலில் இன்வர்டு முத்திரை வாங்குங்கள். பையன்களின் பெற்றோரை அழைப்பது, பக்கத்தை அவர்களே நீக்குவது, உங்கள் மகளுக்குக் கவுன்சிலர், இவற்றை எழுதிக் கேளுங்கள். பையனுக்கு டிசி கொடுக்கச் சொல்லி நிற்காதீர்கள். அதே போனோடு அடுத்த பள்ளிக்குப் போவான், அவ்வளவுதான். பையன்களைப் பிரேயரில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வைக்கிறேன் என்று பிரின்சிபால் சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். பார்க்காத பிள்ளைகளும் அன்றைக்கே அந்தப் படத்தைத் தேடுவார்கள்.