வாங்குமுன் கேளுங்கள்: கூட்டாக ஆடும் சீட்டுப் பெட்டிகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கூட்டாக ஆடும் சீட்டாட்டங்களைப் பற்றியவை. ஒருவரையொருவர் தோற்கடிக்கும் ஆட்டங்கள் அல்ல இவை. மேசையைச் சுற்றி அமர்ந்த எல்லோரும் ஒரே பக்கம் நின்று, விதிப்படி தானாக இயங்கும் எதிரியை வெல்ல வேண்டும். அவரவர் சீட்டுக்கட்டை அவரவரே சேர்த்துக்கொண்டு வர வேண்டும் என்பதால், 'இன்னும் ஒரு பெட்டி வாங்கினால் என்ன' என்ற கேள்விக்கு முடிவே இருப்பதில்லை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

அம்பத்தூர் வாசகர்: ஆர்க்கம் ஹாரர் சீட்டாட்டத்தின் அடிப்படைப் பெட்டி என்னிடம் இருக்கிறது, ரோலண்ட் பேங்க்ஸ் என்ற பாத்திரத்தை வைத்து ஆடுகிறேன். இரண்டு சீட்டுகள் சேர்ந்துவிட்டால் எந்த எதிரியும் நிற்க முடியாது என்று ஒரு காணொளியில் காட்டினார்கள். அவை ஒரு விரிவாக்கப் பெட்டியில் மட்டுமே உள்ளன. 4,500 ரூபாய் கொடுத்து வாங்கலாமா?

வேண்டாம். ஏன் என்பதைச் சற்று நீளமாகவே சொல்கிறேன், ஏனெனில் இந்தக் 'காம்போ' (சீட்டுச் சேர்க்கை) வியாபாரம் எனக்கு நெடுநாளைய வயிற்றெரிச்சல்.

காணொளியில் அந்த இரு சீட்டுகளும் ஆட்டம் தொடங்கும்போதே கையில் இருக்கும். எத்தனை ஆட்டங்களுக்கு ஒருமுறை அப்படி அமையும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. கணக்கை நாமே போடலாம். இந்த ஆட்டத்தில் கட்டுக்கு 30 சீட்டுகள்; ஒரே பெயரில் இரண்டு பிரதிகள் வரை வைக்கலாம்; தொடக்கத்தில் கைக்கு ஐந்து சீட்டுகள் வரும். இரண்டு பிரதிகள் வைத்த ஒரு சீட்டு அந்த ஐந்தில் இருப்பதற்கான வாய்ப்பு 31 விழுக்காடு. அப்படிப்பட்ட இரண்டு வெவ்வேறு சீட்டுகள் ஒன்றாக வருவதற்கான வாய்ப்போ ஏறத்தாழ 8 விழுக்காடு, அதாவது பன்னிரண்டு ஆட்டங்களுக்கு ஒன்று. கட்டில் பாதியை உருவி 15 சீட்டுகளைப் பார்த்த பிறகும் இரண்டும் வந்திருக்க 57 விழுக்காடுதான் வாய்ப்பு. பாத்திரத்துக்கே உரிய சீட்டும் பலவீனச் சீட்டும் 30-க்கு மேல் சேர்வதால் உண்மை நிலை இதைவிடச் சற்று மோசம். தொடக்கத்தில் வேண்டாத சீட்டுகளை ஒருமுறை மாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறது என்பது உண்மைதான். ஒரே ஒரு சீட்டைக் குறிவைத்து மற்ற எல்லாவற்றையும் மாற்றினால் அதன் வாய்ப்பு 56 விழுக்காடு வரை ஏறும். இரண்டையும் குறிவைத்தால் அந்த அளவுக்கு ஏறாது.

ஆகவே எந்தச் சேர்க்கையையும் எடைபோடும்போது நான் முதலில் கேட்பது, மறுபாதி வராத நாளில் இந்தப் பாதி கையில் என்ன செய்யும் என்பதைத்தான். 'ஒன்றும் செய்யாது' என்பது பதிலானால் அதற்குக் கட்டில் இடமில்லை, அது எவ்வளவு அழகான சேர்க்கையாக இருந்தாலும்.

உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பெட்டியைத் திறந்து பாருங்கள். மஷெட்டி என்ற ஆயுதத்துக்கு மூன்று வளம் (ஆட்டத்துக்குள் செலவிடும் காசு) செலவாகும். அது சண்டைத் திறனில் ஒன்றைக் கூட்டும், உங்களோடு மோதி நிற்கும் எதிரி ஒருவன் மட்டுமே என்றால் சேதத்திலும் ஒன்றைக் கூட்டும். அந்த அடியோடு விஷியஸ் ப்ளோ என்ற திறன் சீட்டைச் சேர்த்தால் இன்னொரு சேதம். மூன்று உயிர்ப்புள்ளி உள்ள எதிரி ஒரே அடியில் விழுவான். எதிரி விழுந்தால் ரோலண்டுக்குத் தன் இயல்பிலேயே அந்த இடத்தில் ஒரு துப்பு கிடைக்கும். எவிடன்ஸ் என்ற சீட்டை ஒரு வளம் கொடுத்து உடனே ஆடினால் இரண்டாவது துப்பும் கிடைக்கும். தொடக்கத்தில் கிடைக்கும் ஐந்து வளங்களில் நான்குக்குள் முடிந்துவிடும் இந்தச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் தனியாகவும் பயன் தரக்கூடியது. மஷெட்டி மட்டும் வந்தாலும் சண்டை நடக்கும். எவிடன்ஸ் மட்டும் வந்தாலும் எதிரி வீழும் நாளில் துப்பு கிடைக்கும். சுற்றுக்கு மூன்று செயல்கள்தான் என்பதையும், எதிரி உங்களோடு மோதத் தொடங்கிய பிறகு ஆயுதத்தை எடுத்தால் அவன் அந்த இடைவெளியில் அடிப்பான் என்பதையும் நினைவில் வைத்து, ஆயுதத்தை முன்கூட்டியே இறக்கிவிடுங்கள். காணொளிச் சேர்க்கைகள் பெரும்பாலும் மறைப்பது இந்தத் தயாரிப்புச் செலவைத்தான்.

கூட்டாட்டத்தில் இன்னொரு வசதியும் இருக்கிறது. சண்டை போன்ற உங்கள் திறன் சோதனையின்போது அதே இடத்தில் நிற்கும் கூட்டாளி ஒவ்வொருவரும் ஒரு சீட்டைச் சேர்த்துக் கொடுக்கலாம். சேர்க்கையின் ஒரு பாதி மனைவியின் கையிலோ தம்பியின் கையிலோ இருக்கலாம் என்றால், கட்டை ஏன் தனித்தனி அறையில் அமர்ந்து கட்ட வேண்டும்? ஆட்டத்துக்கு முன் இரு கட்டுகளையும் மேசையில் விரித்துப் பார்த்து, எது எதற்குத் துணை என்று பேசி முடிவு செய்யும் அரை மணி நேரம் உங்கள் 4,500 ரூபாயைவிட அதிகம் தரும். என் அலமாரியிலும் ஒற்றைச் சீட்டுக்காக வாங்கிய விரிவாக்கப் பெட்டி ஒன்று இருக்கிறது. அந்தச் சீட்டு இப்போது எந்தக் கட்டிலும் இல்லை.

திருவான்மியூர் வாசகர்: மார்வெல் சாம்பியன்ஸ் ஆட்டத்தில் கட்டுக்கு 40 முதல் 50 சீட்டுகள் வரை வைக்கலாம் என்கிறார்களே, 50 வைத்தால் பலம்தானே?

40 போதும்; மூன்று பிரதிகள் வைத்த ஒரு சீட்டு ஆறு சீட்டுக் கையில் வர 40-இல் 39 விழுக்காடு, 50-இல் 32 விழுக்காடு.

பெரம்பூர் வாசகர்: என் மகனுக்காகப் பழைய பொருள் விற்கும் செயலி வழியாக ஆர்க்கம் ஹாரர் சீட்டு ஒன்றை 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். 'அரிய சீட்டு, ஆயிரத்தில் ஒரு பாக்கெட்டில்தான் வரும்' என்று விற்றவர் எழுதியிருந்தார். பிறகுதான் மகனின் நண்பன் தன் பெட்டியிலும் அதே சீட்டு இருப்பதாகக் காட்டினான்.

உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். உங்கள் மீது இதில் குற்றமே இல்லை, ஏனெனில் பாக்கெட்டைப் பிரித்து அதிர்ஷ்டம் பார்க்கும் சீட்டாட்டங்களும் சந்தையில் இருக்கின்றன. அந்த ஆட்டங்களில் அரிய சீட்டு என்ற பேச்சுக்குப் பொருள் உண்டு. ஆர்க்கம் ஹாரரும் மார்வெல் சாம்பியன்ஸும் அந்த வகை அல்ல. ஒரே பெயருள்ள பெட்டியை எந்தக் கடையில் வாங்கினாலும் உள்ளே அதே சீட்டுகள், அதே எண்ணிக்கையில் இருக்கும். ஆகவே இந்த இரண்டு ஆட்டங்களில் 'ஆயிரத்தில் ஒரு பாக்கெட்' என்று யார் சொன்னாலும் அது பொய்.

விற்றவரின் விளம்பரம், உரையாடல், பணம் செலுத்திய ரசீது ஆகியவற்றைத் திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வையுங்கள். விளம்பரத்தை அவர் நீக்குவதற்குமுன் எடுப்பது முக்கியம். செயலியின் குறைதீர் அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்; 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக அவர் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். விற்றவர் இதையே தொழிலாகச் செய்பவர் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். பணத்தை வாங்கிக்கொண்டு கணக்கை மூடிவிட்டு மறைந்தவர் என்றால் இணையக் குற்ற உதவி எண் 1930. தொகை சிறியது என்று விட்டுவிடாதீர்கள். அடுத்து ஏமாறப்போகும் பையனின் அப்பாவுக்கும் அது உதவும்.

வேளச்சேரி வாசகி: நானும் என் கணவரும் மார்வெல் சாம்பியன்ஸ் வாங்கினோம், கூடவே நான்கு கதாநாயகப் பாக்கெட்டுகளும் வாங்கிவிட்டோம். இருவரும் அக்ரஷன் (தாக்குதல்) பிரிவில்தான் கட்டு கட்டியிருக்கிறோம், ஏனென்றால் அடி பலமாக இருக்கிறது. ஆனாலும் தொடர்ந்து தோற்கிறோம். அடுத்து எந்தப் பாக்கெட் வாங்குவது?

எதுவும் வேண்டாம். அடிப்படைப் பெட்டியிலேயே ஐந்து கதாநாயகர்களும் நான்கு பிரிவுகளும் இருக்கும்போது, அவற்றை ஆடிப் பார்க்குமுன் நான்கு பாக்கெட்டுகளை வாங்கிய அவசரம் எனக்குப் புரியவில்லை.

வில்லனின் உயிர்ப்புள்ளி குறைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அவனுடைய சதித்திட்டத்தின் மீது அச்சுறுத்தல் புள்ளிகள் ஏறிக்கொண்டே இருக்கும். கடைசிச் சதித்திட்டம் நிறைந்துவிட்டால், வில்லனுக்கு ஒரே ஒரு புள்ளி மிச்சமிருந்தாலும் தோல்விதான். அந்த அச்சுறுத்தலைக் குறைப்பதில் வலுவானது ஜஸ்டிஸ் பிரிவு. உங்களில் ஒருவர் அதற்கு மாறுங்கள், அல்லது ஒருவர் லீடர்ஷிப்புக்கு மாறித் தோழர் சீட்டுகளைக் கொண்டு அந்த வேலையைச் செய்யுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: நிக் ஃபியூரி, மாக்கிங்பேர்ட் போன்ற தனித்துவத் தோழர்கள் மேசை முழுவதற்கும் ஒருவர்தான். ஒருவர் இறக்கிவிட்டால் மற்றவர் கையிலுள்ள பிரதியை அந்த நேரத்தில் இறக்க முடியாது. இருவரும் ஒரே சீட்டுகளை அடுக்கியிருந்தால் அடிக்கடி முட்டிக்கொள்வீர்கள்.

மயிலாப்பூர் வாசகர்: அதே ஆட்டத்தில் அவெஞ்சர்ஸ் மேன்ஷன் சீட்டுக்கு நான்கு வளம் கேட்கிறது. விலை அதிகம் இல்லையா?

நல்ல கேள்வி. இந்த ஆட்டத்தில் தனியாகக் காசு கிடையாது. கையிலுள்ள மற்ற சீட்டுகளைக் கழித்துத்தான் விலையைக் கட்ட வேண்டும். சீட்டுக்கு ஒரு வளம் என்று வைத்துக்கொண்டால் அந்த மாளிகைக்காக அதையும் சேர்த்து ஐந்து சீட்டுகளைச் செலவிடுகிறீர்கள். அது சுற்றுக்கு ஒரு சீட்டைத் திருப்பித் தரும். இறக்கிய சுற்றிலேயே பயன்படுத்தினாலும் போட்ட முதலீடு ஐந்தாவது சுற்றில்தான் முழுமையாகத் திரும்பும். ஆகவே முதல் இரண்டு சுற்றுகளுக்குள் வந்தால் இறக்குங்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் வந்தால் அதையே வேறொன்றின் விலைக்காகக் கழித்துவிடுங்கள். ஒரு சீட்டில் இரண்டு வளக்குறி இருந்தால் இந்தக் கணக்கு உங்களுக்குச் சாதகமாக மாறும் என்பதால், கட்டு கட்டும்போது அத்தகைய சீட்டுகளுக்கு முதலில் இடம் கொடுங்கள். மாளிகை தரும் சீட்டை யாருக்குக் கொடுப்பது என்று தேர்ந்தெடுக்கலாம் என்பதும் கூட்டாட்டத்தில் பெரிய வசதி. இந்தச் சுற்றில் யாருக்கு அது மிகவும் தேவையோ அவர் எடுத்துக்கொள்ளட்டும்.

தாம்பரம் வாசகர்: தள்ளுபடி விற்பனையில் ஆர்க்கம் ஹாரர் பெட்டியை இணையத்தில் வாங்கினேன். 'நால்வர் ஆடலாம்' என்று விற்பனைப் பக்கத்தில் இருந்தது. பெட்டி வந்ததும் பார்த்தால் இருவர் என்று அச்சிட்டிருக்கிறது. கடைக்காரர், 'இன்னொரு பெட்டி வாங்குங்கள், சரியாகிவிடும்' என்கிறார்.

உங்களுக்கு வந்திருப்பது 2016-இல் வெளிவந்த முதல் பதிப்பு. அது இருவருக்கானது, அதில் ஆட்டக்காரர் சீட்டுகள் பலவும் ஒற்றைப் பிரதிகளாக இருக்கும். நால்வர் ஆடும்படியும் சீட்டுகள் இரண்டிரண்டு பிரதிகளாகவும் இருப்பது 2021-இன் திருத்திய பதிப்பு. ஒற்றைப் பிரதி என்பது சிறிய குறை அல்ல: மேலே அம்பத்தூர் வாசகருக்குச் சொன்ன 8 விழுக்காடு, இரண்டு சீட்டுகளும் ஒற்றைப் பிரதிகளாக இருந்தால் 2.3 ஆகச் சுருங்கிவிடும்.

இரண்டாவது பெட்டியை வாங்காதீர்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்க விற்பனையாளருக்கு மின்வணிக விதிகளில் இடமில்லை. விற்பனைப் பக்கத்தின் படத்தையும் பெட்டியின் படத்தையும் சேர்த்து அனுப்பி, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே வழக்குக் கட்டணம் இல்லை. பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அதையும் புகாரில் எழுதுங்கள்.

அடையாறு வாசகி: மழைக்காலத்தில் சீட்டுகள் வளைந்துவிடுகின்றன. ஸ்லீவ் (சீட்டுக்கான பிளாஸ்டிக் உறை) அவசியமா?

சென்னையில் அவசியம். 63.5-க்கு 88 மில்லிமீட்டர் சீட்டுக்கான அளவு என்று கேட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் கட்டுக்கட்டாக வாங்கி வந்தேன். ஒன்று அகலம், ஒன்று குறுகல், கலைக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டின. வாங்குமுன் ஒரு பாக்கெட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள்.

புரசைவாக்கம் வாசகர்: எல்லா விரிவாக்கங்களையும் மொத்தமாக வாங்கினால் 15 விழுக்காடு தள்ளுபடி தருகிறார்கள். நாளையே கடைசி நாள்.

முதல் பெட்டியை இதுவரை ஆடினீர்களா என்று கடிதத்தில் இல்லை.

கே.கே. நகர் வாசகர்: வாங்காமலேயே ஒரு சீட்டு நம் கட்டுக்குப் பொருந்துமா என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

இருக்கிறது, செலவும் இல்லை. அந்தச் சீட்டின் பெயர், விலை, பயன் ஆகியவற்றை ஒரு காகிதத் துண்டில் எழுதி, வேறொரு சீட்டின் முன்னால் வைத்து ஸ்லீவுக்குள் செருகுங்கள். வீட்டில் சில ஆட்டங்கள் அப்படியே ஆடுங்கள். அது கைக்கு வரும் ஒவ்வொரு முறையும், ஆடினீர்களா அல்லது வேறொன்றின் செலவுக்காகக் கழித்தீர்களா என்று ஓரத்தில் ஒரு குறி போட்டு வையுங்கள். பாதிக்கு மேல் கழித்திருந்தால் அந்தப் பெட்டி கடையிலேயே இருக்கட்டும். எழுதிய துண்டை அச்சடித்து மற்றவருக்கு விற்கக் கூடாது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. அப்படி அச்சடித்த போலிச் சீட்டுகளை அசல் என்று நம்பி வாங்கிய ஒருவரின் கடிதம் அடுத்த வாரத்துக்கு இருக்கிறது.