பரணிலிருந்து இறங்கிய பிளேஸ்டேஷன் 2: புது டிவியில் படம் ஏன் மங்குகிறது?

கேள்வி: 2007-ல் என் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த ஒல்லியான பிளேஸ்டேஷன் 2, பத்து வருஷத்துக்கும் மேலாகப் பரணில் கிடந்தது. பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று இறக்கினேன். புது 43 இன்ச் எல்இடி டிவியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரைச் சொருக இடமே இல்லை. கடையில் ‘ஏவி டு எச்டிஎம்ஐ’ பெட்டி ஒன்று வாங்கி மாட்டினேன். படம் மங்கலாக இருக்கிறது, ஆட்கள் எல்லாம் குண்டாகத் தெரிகிறார்கள். கிரிக்கெட் 07-ல் பட்டனை அமுக்கினால் பேட் தாமதமாகச் சுழல்கிறது. கன்ட்ரோலரில் சில பட்டன்கள் தொடாமலே அமுங்குகின்றன. சில டிஸ்க் ஓடுகிறது, சிலவற்றுக்குச் சிவப்புத் திரை வருகிறது. பழுது பார்க்கலாமா, தூக்கிப் போட்டுவிடலாமா? — தூத்துக்குடி வாசகர்

பதில்: தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். மங்கலும் தாமதமும் உங்கள் பிளேஸ்டேஷனின் குறையே அல்ல. அவை டிவியும் நடுவில் இருக்கும் பெட்டியும் செய்கிற வேலை. கன்ட்ரோலர் கோளாறு, உள்ளே அமுங்கிப்போன ஒரு துண்டு ஸ்பாஞ்சினால் வருவது. டிஸ்க் பிரச்சினை ஒன்றுதான் கன்சோலைச் சேர்ந்தது. அதுவும் பெரும்பாலும் லென்ஸில் படிந்த தூசிதான். அதனால் மேற்கொண்டு எதையும் வாங்குவதற்கு முன் நான் சொல்லும் வரிசையில் பாருங்கள்.

முதலில் கரண்ட். உங்களுடைய ஒல்லி மாடலுக்கு அடாப்டர் தனியாக வரும். அதன் மேல் 8.5 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். பழைய அடாப்டர் தொலைந்து வேறு மாட்டியிருந்தால், வோல்ட் அளவும் பின்னின் பிளஸ், மைனஸ் திசையும் கன்சோலில் எழுதியிருப்பதோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. வயர் வெடித்திருந்தாலோ, சொருகிய சில நிமிடங்களில் கருகிய வாடை வந்தாலோ அந்த அடாப்டரை மறந்துவிடுங்கள். இதே கடிதத்தை அமெரிக்காவிலிருந்து வந்த பழைய தடித்த மாடலை வைத்திருப்பவர் எழுதியிருந்தால், வேறொன்றும் பேசாமல் இதைத்தான் சொல்வேன்: அது 120 வோல்ட் மிஷின், நம் ஊர் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் கதை முடிந்தது.

ஆன் ஆகிறது என்பதால் உடனே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பழைய மெமரி கார்டில் யாராவது சேமித்த ஆட்டம் இருந்தால், இரண்டாவது ஸ்லாட்டில் இன்னொரு கார்டைப் போட்டு, டிஸ்க் இல்லாமல் வரும் பிரவுசர் திரையில் அவற்றை நகலெடுத்துவிடுங்கள். உள்ளே இருக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்துபோனால் தேதியும் நேரமும்தான் போகும், சேமித்த ஆட்டம் போகாது. அது ஃபிளாஷ் மெமரியில் இருக்கிறது. சோனியின் கார்டு 8 எம்பிதான். கடையில் 64, 128 என்று கிடைக்கும் பெயர் தெரியாத கார்டுகளை நம்பி ஒரே ஒரு பிரதியை வைக்காதீர்கள்.

இனி படம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பழைய கன்சோலை இறக்கும் பலர் தோற்றுப்போவது இங்கேதான்.

பிளேஸ்டேஷன் 2 அனுப்பும் படம் பெரும்பாலும் முழுப் படம் அல்ல. ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் அடுத்த தடவை என்று பாதி பாதியாக அனுப்பும். பால் (PAL) என்ற, நம் ஊர் டிவிக்கான முறையில் வந்த டிஸ்க் என்றால் மொத்தம் 576 வரிகள், விநாடிக்கு 50 தடவை. பழைய பிக்சர் டியூப் டிவி அதை வந்தபடியே வரைந்துவிடும். எல்இடி டிவிக்கு முழுப் படம் வேண்டும். அதனால் இரண்டு பாதிகளையும் வாங்கி வைத்து, ஒட்டி, 1080 வரிகளுக்கோ 2160 வரிகளுக்கோ பெரிதாக்கி, பிறகு ‘அழகு’ படுத்திவிட்டுத்தான் காட்டும். 50 ஹெர்ட்ஸில் ஒரு தடவைக்கு 20 மில்லிவிநாடி. நாலைந்து தடவைக்கான படத்தைப் பிடித்து வைத்தாலே 80, 100 மில்லிவிநாடி போய்விடும். வேகப்பந்து வீச்சுக்கு பேட்டைச் சுழற்றுகிறவருக்கு அது நன்றாகவே தெரியும். இதற்கு மேல் உங்கள் எச்டிஎம்ஐ பெட்டி தன் பங்குக்கு ஒருமுறை அதே வேலையைச் செய்கிறது.

அதனால் அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு, டிவியின் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஹெட்போன் மாட்டுவது போல ஒரு 3.5 மில்லிமீட்டர் ஓட்டை, பக்கத்தில் ‘ஏவி இன்’ என்ற எழுத்து இருக்க வாய்ப்பு அதிகம். டிவி வாங்கிய அட்டைப்பெட்டியில் ஒரு குட்டை வயர் வந்திருக்கும், ஒரு முனை ஒற்றைப் பின், மறுமுனை மூன்று கலர். அதுதான் இது. தொலைந்துபோயிருந்தால் கடையில் வாங்கலாம், ஆனால் எல்லா வயரிலும் உள் இணைப்பு ஒரே வரிசையில் இருக்காது. படம் வராமல் ஸ்பீக்கரில் ‘உர்ர்’ என்று இரைந்தால் பயப்பட வேண்டாம். சவுண்டைக் குறைத்துக்கொண்டு, மஞ்சள் வயரைச் சிவப்பிலும் வெள்ளையிலும் மாற்றி மாற்றிச் சொருகிப் பாருங்கள். இதனால் எதுவும் கெடாது. சில டிவிகளில் மஞ்சளுக்கென்று தனி ஓட்டை இருக்காது, பச்சை ஓட்டையே அதற்கும் சேர்த்து இருக்கும். அதில் மஞ்சளைச் சொருகிப் படம் கறுப்பு வெள்ளையாக வந்தால், டிவி அதை காம்போனென்ட், அதாவது படம் மூன்று கம்பிகளில் பிரிந்து வரும் இணைப்பு, என்று நினைக்கிறது என்று அர்த்தம். சோர்ஸ் மெனுவில் ‘ஏவி’ என்று மாற்றினால் கலர் வந்துவிடும்.

அப்புறம் டிவி மெனு. படத்தின் அகல உயரத்தை 4:3 என்று வையுங்கள், குண்டு ஆட்கள் இளைத்துவிடுவார்கள். ஓரத்தில் கறுப்புப் பட்டை வரும், அது இருப்பதுதான் சரி. கேம் மோடை ஆன் செய்யுங்கள். மோஷன் ஸ்மூத்திங், நாய்ஸ் ரிடக்‌ஷன் இரண்டையும் அணைத்துவிடுங்கள். ஷார்ப்னஸை அடியோடு குறையுங்கள். படம் மங்கலாக இருக்கும்போது ஷார்ப்னஸைக் கூட்டத்தான் கை போகும். ஆனால் பழைய சிக்னலில் அது உருவங்களைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்டு இன்னும் அசிங்கமாக்கும். கேம் மோடு ஒன்றே தாமதத்தில் பெரும் பகுதியை எடுத்துவிடும்.

இதற்குப் பிறகும் தெளிவு போதவில்லை என்றால் அதற்குக் காரணம் மஞ்சள் வயர். வெளிச்சமும் கலரும் அந்த ஒரே கம்பியில் கலந்து வருகின்றன. மறுமுனையில் எப்படிப் பிரித்தாலும் ஓரங்களில் கலர் வழியும். பிளேஸ்டேஷன் 2-க்கான காம்போனென்ட் கேபிள் பச்சை, நீலம், சிவப்பு என்று படத்துக்கே மூன்று கம்பிகள் கொண்டது. உங்கள் டிவியில் அந்த மூன்று ஓட்டைகள் இருந்தால் நான் பணம் போடச் சொல்லும் முதல் பொருள் அதுதான். இல்லையென்றால், கன்சோலின் பின்புறம் நேராகச் சொருகும் சின்ன ‘பிஎஸ்2 டு எச்டிஎம்ஐ’ மாற்றி கிடைக்கிறது. அது காம்போனென்ட் சிக்னலை எடுத்துக்கொள்வதால் நீங்கள் வாங்கிய பெட்டியைவிட நல்லது. இரண்டில் எதை மாட்டினாலும், பழைய மஞ்சள் வயர் இருக்கும்போதே சிஸ்டம் கான்ஃபிகரேஷனுக்குள் போய், ‘காம்போனென்ட் வீடியோ அவுட்’ என்பதை ஆர்ஜிபியிலிருந்து ஒய் என்று தொடங்கும் மற்றதற்கு மாற்றிவிடுங்கள். மாற்றாமல் மாட்டினால் கலர் தாறுமாறாகத் தெரியும், வாங்கிய பொருள் பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள்.

பழைய சிக்னலைப் புது டிவிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஓஎஸ்எஸ்சி, ரெட்ரோடிங்க் போன்ற கருவிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பழைய கன்சோல்களுக்கென்றே செய்தவை, மிக நன்றாகவும் வேலை செய்யும். ஆனால் ஒரே ஒரு கன்சோலுக்காக, அதன் விலையைவிடப் பல மடங்கு கொடுத்து அவற்றை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதைவிட வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ டியூப் டிவி இருக்கிறதா என்று கேளுங்கள். 2006 முதல் தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த 14 இன்ச் கலர் டிவி இன்னும் எரிந்து, அதில் மஞ்சள் ஓட்டையும் இருந்தால், பிளேஸ்டேஷன் 2-க்கு அது அருமையான ஜோடி. திரை 4:3, பாதிப் பாதி வரிகளை அப்படியே வரையும், தாமதம் என்ற பேச்சே இல்லை. துப்பாக்கி வைத்துச் சுடும் அந்தக் கால ஆட்டங்கள் டியூப் டிவியில் மட்டும்தான் ஓடும், ஏனென்றால் திரையில் ஒளிப்புள்ளி நகரும் நேரத்தை வைத்துத்தான் அந்தத் துப்பாக்கி குறியைக் கணக்கிடுகிறது. ஒரே எச்சரிக்கை: டியூப் டிவியின் பின்மூடியை நீங்களாகத் திறக்காதீர்கள். உள்ளே 20,000 வோல்ட்டுக்கும் மேல் ஏறும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது தங்கியிருக்கும். அது டிவி மெக்கானிக்கின் வேலை.

கன்ட்ரோலருக்கு வருவோம். டூயல்ஷாக் 2-ன் பட்டன்களுக்குக் கீழே கண்ணாடித் தாள் போல ஒரு மெல்லிய சர்க்யூட் இருக்கும். அந்தத் தாளின் வால் பகுதி போர்டின் மேல் சாலிடர் இல்லாமல், வெறுமனே அழுத்தப்பட்டுத்தான் நிற்கிறது. அழுத்திப் பிடிப்பது ஒரு சின்ன ஸ்பாஞ்ச். வருஷங்கள் போகப் போக அது சப்பையாகிவிடும், தொடர்பு விட்டு விட்டு வரும், பட்டன் தானாக அமுங்கியது போல இருக்கும். பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி, மேசையில் கவிழ்த்து வைத்துத் திறங்கள். அதிர்வு மோட்டாருக்குப் போகும் வயர்கள் மெல்லியவை, இழுத்துவிடாதீர்கள். தொடர்பு முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் துடைத்து, ஸ்பாஞ்சுக்கு அடியில் இன்சுலேஷன் டேப்பை இரண்டு மடிப்பு வைத்து உயரத்தைக் கூட்டி மூடுங்கள். ஸ்டிக் தானாக ஒரு பக்கம் இழுத்தால் அது வேறு விஷயம். அதன் பக்கத்திலுள்ள தேய்மானப் பகுதி போய்விட்டது. கான்டாக்ட் கிளீனர் கொஞ்ச நாள் தாங்கும், பிறகு சாலிடர் தெரிந்தவரிடம் கொடுத்து மாற்ற வேண்டியதுதான்.

கடைசியாக டிஸ்க். சிவப்புத் திரை என்றால் படிக்க முடியவில்லை என்று அர்த்தம். எவை ஓடுகின்றன, எவை ஓடவில்லை என்று இரண்டு அடுக்காகப் பிரித்து, அடிப்பக்கத்தைப் பாருங்கள். நீல நிறத்தில் இருப்பவை சிடி, வெள்ளியாக மின்னுபவை டிவிடி. இரண்டுக்கும் லேசர் வேறு வேறு. நீலம் எல்லாம் ஓடி வெள்ளி எல்லாம் நின்றால் டிவிடி லேசர் பலவீனமாகிறது. கலந்து கட்டி நின்றால் சந்தேகம் டிஸ்க்கின் மேலும் தூசியின் மேலும்தான். வீட்டில் எழுதிய டிஸ்க்குகள் மட்டும் ஓடவில்லை என்றால் கன்சோலைக் குறை சொல்லாதீர்கள், அவற்றின் சாயப் படலம் காலப்போக்கில் மங்கக்கூடியது.

டிஸ்க்கை நடுவிலிருந்து வெளியே நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். லென்ஸ் துடைப்பது உங்கள் மாடலில் ரொம்பச் சுலபம், மேல்மூடியைத் திறந்தாலே கண்ணில் படும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பட்ஸை லேசாக நனைத்து, அழுத்தாமல் இரண்டு சுற்று, அவ்வளவுதான். சானிடைசர், கண்ணாடி துடைக்கும் திரவம் இவற்றையெல்லாம் கிட்டே கொண்டுவராதீர்கள். பத்து நிமிஷம் காயவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

பழுதுபார்ப்பவர் யாராவது லேசருக்கான சின்ன ஸ்க்ரூவைத் திருகிச் சரி செய்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது லேசருக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டும் வேலை. சில வாரம் பிரமாதமாக ஓடும், பிறகு லேசரே போய்விடும். துடைத்தும் சரிவராவிட்டால் லென்ஸ் யூனிட்டையே மாற்றுவதுதான் ஒழுங்கான வழி. கன்சோலின் அடியில் எஸ்சிபிஎச் என்று தொடங்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போய், அந்த எண்ணுக்கு உரியதைக் கேட்டு வாங்குங்கள். சென்னை பக்கம் வந்தால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் விசாரிக்கலாம்.

உங்கள் ஊரின் உப்புக்காற்றுக்கு மீண்டும் பரண் வேண்டாம். டிவிக்குப் பக்கத்திலேயே, காற்றோட்டத் துளைகளைச் சுவர் மறைக்காத இடத்தில் வையுங்கள். டிஸ்க்குகளையும் கன்ட்ரோலரையும் மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போடுங்கள். மாதம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓடவிடுங்கள்.