வெண்பன்றிகளுக்கு ரத்தப் பரிசோதனை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மூன்று மாதக் குட்டியின் ரத்தத்தை எங்கள் ஊர் லேபில் கொடுத்தேன் சார். வெள்ளணு 17,000, எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 56, கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்றும் கழிவு) 1.8, மூன்றுக்கும் சிவப்புக் குறி போட்டிருக்கிறார்கள். குட்டி நன்றாகத்தான் தின்கிறது. கிட்னி போய்விட்டதா?

பதில்: கிட்னிக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதீர்கள். அந்தத் தாளின் ஓரத்தில் "இயல்பான அளவு" என்று அச்சாகியிருப்பது மனிதர்களுக்கானது. நமக்கு வெள்ளணு 11,000 தாண்டினாலே அதிகம், பன்றிக்கோ 11,000 முதல் 22,000 வரை இயல்பு. பன்றியின் சிவப்பணு நம்முடையதைவிடச் சிறியது, அதனால் எம்சிவி 50 முதல் 68 வரைதான் இருக்கும், நமக்கு 80க்கு மேல். கிரியேட்டினினும் அப்படித்தான், பன்றிக்கு 2.7 வரை போகலாம். இன்னொன்று, மனிதருக்கென்று அமைத்த மெஷின் இந்தச் சின்ன அணுக்களைத் தப்பாக எண்ணவும் கூடும், அதனால் முடிந்தவரை கால்நடை லேபிலேயே கொடுங்கள்.

கேள்வி: முக்கியமான அளவுகளை மட்டும் சொல்லுங்கள் அண்ணா, குறித்து வைத்துக்கொள்கிறேன்.

பதில்: ஹீமோகுளோபின் 10 முதல் 16 கிராம், பிசிவி (ரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைக்கும் பங்கு) 32 முதல் 50 சதவீதம், சிவப்பணு 50 முதல் 80 லட்சம், குளுக்கோஸ் 85 முதல் 150 மில்லிகிராம். லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும். வளர்கிற பன்றிக்கு எலும்பு வளர்வதால் பாஸ்பரஸும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியும் பெரிய பன்றியைவிடக் கூடுதலாகவே இருக்கும், அதைப் பார்த்து ஈரல் நோய் என்று முடிவு கட்ட வேண்டாம்.

கேள்வி: பத்து நாள் குட்டிகள் வெளுத்துப்போய், பால் குடித்ததும் மூச்சு வாங்குகின்றன. ஹீமோகுளோபின் 6.5. சிமெண்ட் தரைக் கொட்டகை. தாய்க்குப் பால் நிறையவே இருக்கிறது.

பதில்: பால் நிறைய இருந்தும் இந்த ரத்தசோகை வருவதற்குக் காரணம், அந்தப் பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. குட்டி பிறக்கும்போது உடம்பில் சுமார் 50 மில்லிகிராம் இரும்போடு வருகிறது, நாளுக்கு ஏழு மில்லிகிராம் வேண்டும், பாலில் கிடைப்பது ஏறக்குறைய ஒரு மில்லிகிராம்தான், கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு வாரத்தில் கையிருப்பு காலி. மண்ணில் முட்டித் திரியும் குட்டிக்கு மண்ணிலிருந்தே கொஞ்சம் கிடைத்துவிடும், சிமெண்ட் தரையில் அதற்கு வழியே இல்லை. பிறந்து மூன்றாம் நாளுக்குள் 200 மில்லிகிராம் அயர்ன் டெக்ஸ்ட்ரான் என்ற இரும்பு ஊசியைக் கழுத்துத் தசையில் போட்டிருந்தால் இந்த நிலை வராது. இப்போதும் தாமதிக்காமல் மருத்துவரை வைத்துப் போடுங்கள். ஒரு மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்பது பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், லேபிளைப் படித்துவிட்டு அளவெடுக்கச் சொல்லுங்கள். அடுத்த ஈற்றில் ஒரு குட்டியையும் விட்டுவிடாதீர்கள் தம்பி.

கேள்வி: நான்கு பேர் துரத்திப் பிடித்துத்தான் ரத்தம் எடுத்தோம். சிகே (தசையில் இருக்கும் ஒரு நொதி) பல மடங்கு, குளுக்கோஸும் வெள்ளணுவும் அதிகம். என்ன நோயாக இருக்கும்?

பதில்: அந்தத் துரத்தலே போதும். பன்றி ஓடித் திமிறினால் தசையிலிருந்து சிகே கொட்டும், பயத்தில் சர்க்கரையும் வெள்ளணுவும் ஏறும். அமைதியாக ஓரம் கட்டி, மூக்குக் கயிறு போட்டு, பழகிய ஆள் பன்றியின் கழுத்தில் வலது பக்கமாக எடுக்கட்டும், இடது பக்கம் நரம்பில் குத்திவிடும் ஆபத்து கூடுதல். ரத்தம் உறையாமல் வைக்கும் ஊதா மூடி டியூபை மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்குங்கள், குலுக்கினால் அணுக்கள் உடைந்து முடிவு பொய் சொல்லும்.

கேள்வி: ஹோட்டல் மிச்சம்தான் தீவனம். இரண்டு நாளாகக் கடுங்காய்ச்சல், காது சிவந்து நீலம் பாய்கிறது, ஒன்று இறந்துவிட்டது. வெள்ளணு 6,000, தட்டணுவும் குறைவு. ஆன்டிபயாடிக் போடலாமா?

பதில்: அம்மா, இதை இன்றே அரசு கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். வெள்ளணுவும் தட்டணுவும் சேர்ந்து விழுந்தால் கிளாசிக்கல் ஸ்வைன் ஃபீவர் எனும் பன்றிக்காய்ச்சலாகவும் (மனிதருக்கு வரும் ஸ்வைன் ஃப்ளூ அல்ல) இருக்கலாம், ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். இந்த எண்ணிக்கை அவற்றைப் பிரித்துக் காட்டாது, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனை வேண்டும். முதலாவதற்குத் தடுப்பூசி உண்டு. இரண்டாவது இந்தியாவில் 2020இல் அசாமில் தெரிய வந்தது, 2022இல் பக்கத்து வயநாடு வரை வந்தது, அதற்கு மருந்தே கிடையாது, ஆன்டிபயாடிக்கும் வேலை செய்யாது. மனிதருக்கு அது தொற்றாது, ஆனால் பண்ணையையே காலி செய்துவிடும். மருத்துவர் வரும்வரை ஒரு பன்றியையும் விற்காதீர்கள், இறந்ததை அறுத்துப் பார்க்காதீர்கள், வேறு பண்ணைக்காரர் யாரையும் உள்ளே விடாதீர்கள், ஹோட்டல் மிச்சத்தை இப்போதே நிறுத்துங்கள், கிருமி அதன் வழியாகவும் வரும்.