யானைக்கால் நோய்ச் சோதனைக்கு ஏன் ராத்திரியில் வந்து ரத்தம் எடுக்கிறார்கள்?

கடலூர், புதுச்சேரி பக்கம் பலர் எரிச்சலோடு கேட்கிற கேள்வி இது. காரணம் புழுதான். தாய்ப்புழு நிணநீர்க் குழாயில் பல வருஷம் உயிரோடு இருந்து லட்சக்கணக்கில் குட்டிகளைப் போடும். அந்தக் குட்டிப்புழுக்கள் பகலில் நுரையீரல் ரத்தக்குழாய்களில் ஒதுங்கிக்கொண்டு, ராத்திரி சுமார் 10 மணியிலிருந்து 2 மணிக்குள்தான் விரல்நுனி ரத்தம்வரை ஏராளமாக வரும், சாக்கடைத் தண்ணீரில் வளர்கிற க்யூலெக்ஸ் கொசு கடிக்கிற நேரமும் அதுதான். பகலில் விரலைக் குத்தினால் கண்ணாடித் தகட்டில் ஒன்றுமே தெரியாமல் போகலாம்.

அப்புறம், "எனக்குக் கால் வீங்கவில்லையே" என்று தயவுசெய்து கதவைச் சாத்தாதீர்கள். வீக்கமே இல்லாதவர் ரத்தத்தில்தான் பெரும்பாலும் குட்டிப்புழு இருக்கும், கொசு அவரிடமிருந்துதான் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோகும். தாய்ப்புழு விடுகிற பொருளைக் கண்டுபிடிக்கும் பட்டைச் சோதனை இருந்தால் பகலிலேயே பார்த்துவிடலாம்.