பட்டறைப் பதில்கள்: வெளியே கறுப்பு, உள்ளே அடைப்பு

கேள்வி: என்னுடையது 24 வயதான ஃபோர்வீல் டிரைவ் வண்டி. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். போன வருடம் ஸ்பிரிங் மாற்றி 2 அங்குலம் தூக்கினேன். இப்போது பெடல் மெத்தென்று இருக்கிறது. ஓட்டிவிட்டு இறங்கித் தொட்டால் முன் இடது சக்கரம் மட்டும் கொதிக்கிறது. பிரேக் ஓஸ் எல்லாம் வண்டியோடு வந்தவை. ஸ்டீல் கம்பி பின்னிய ஓஸ் போட்டால் எல்லாம் சரியாகும், வண்டி சட்டென்று நிற்கும் என்கிறார்கள் நண்பர்கள். போடலாமா?

பதில்: ஓஸை மாற்றுங்கள், அதில் மறுபேச்சே இல்லை. 24 வருட ரப்பரை நம்பி ஓட்டியிருக்கிறீர்கள் என்பதே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் நண்பர்கள் சொல்வதில் பாதிதான் சரி.

முதலில் கொதிக்கிற சக்கரம். பிரேக் ஓஸ் பழசானால் வெளியே வெடிக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வெளியே பளபளவென்று இருந்துகொண்டே உள்ளே ஊதிப்போகும் ஓஸ்கள் ஏராளம். உள்சுவர் உப்பி வழி ஊசித்துளையாகச் சுருங்கிவிடும். சில சமயம் உள்ரப்பர் உரிந்து மடல்போலத் தொங்கும். நீங்கள் மிதிக்கும்போது காலின் பலம் பிரேக் எண்ணெயை அந்த வழியே தள்ளிவிடும். காலை எடுத்ததும் அது திரும்பி வரவேண்டுமே, அதற்குப் பலம் ஏது? பேடை டிஸ்கில் அழுத்துவது காலிப்பரின் பிஸ்டன்; அதைச் சீல் பின்னால் இழுப்பது மயிரிழை அளவுதான். எண்ணெய் உள்ளேயே நிற்கும், பேட் டிஸ்கைக் கவ்விக்கொண்டே இருக்கும். மிதித்தவுடன் ஸ்டீரிங் ஒரு பக்கம் இழுத்து, விட்டவுடன் மறுபக்கம் இழுத்தால் இந்தச் சந்தேகம் வரவேண்டும்.

நானே இதில் ஏமாந்திருக்கிறேன். ஒரு பழைய வண்டிக்கு இதே புகார். காலிப்பரைக் கழற்றி சீல் கிட் மாற்றினேன், காலிப்பர் நகரும் பின்னுக்கு (pin) கிரீஸ் போட்டேன். பத்து நாளில் திரும்பி வந்தது. மறுபடி காலிப்பரையே கழற்றினேன். மூன்றாம் முறை வந்தபோது, பட்டறையில் எடுபிடி வேலை பார்த்த பையன்தான், "அண்ணே, ஓஸைப் பாத்தீங்களா?" என்றான். கழற்றி வாயால் ஊதினால் காற்றே போகவில்லை. பிளேடால் நெடுக்கக் கீறிப் பார்த்தேன், உள்ளே கொழகொழவென்று கறுப்புக் கூழ். அந்த இரண்டு முறைக்கும் வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தேன்.

நீங்கள் ஏமாற வேண்டாம். சக்கரம் பிடித்துக்கொண்டிருக்கும்போதே ஜாக்கி போட்டுத் தூக்குங்கள். காலிப்பர் நிப்பிளை, அதாவது ஏர் எடுக்கும் சின்னத் திருகை, அரைச் சுற்றுத் திறவுங்கள். அப்படியும் சக்கரம் விடவில்லை என்றால் பிஸ்டனோ பின்னோ துருவேறிவிட்டது. விட்டுவிட்டால் அழுத்தம் மாட்டிக்கிடந்திருக்கிறது என்று அர்த்தம். நிப்பிளை மூடி, மிதித்து மறுபடி பிடிக்கவைத்து, இந்த முறை ஓஸின் மேல்முனை இரும்புக் குழாயோடு சேரும் நட்டை லேசாக இளக்குங்கள். அப்போதும் சக்கரம் அசையவில்லையா? ஓஸேதான்.

இனி ஸ்டீல் ஓஸ். அதன் உள்குழாய் டெஃப்ளான், மேலே துருப்பிடிக்காத கம்பிப் பின்னல். அழுத்தத்தில் ரப்பர் ஓஸ் கொஞ்சம் பெருக்கும், இது அவ்வளவு பெருக்காது. அமெரிக்காவின் 106-ஆம் எண் பாதுகாப்பு விதி ஓஸ்களை இரண்டாகப் பிரிக்கிறது. 1/8 அங்குல ஓஸில், சதுர அங்குலத்துக்கு 1,000 பவுண்டு அழுத்தம் கொடுத்தால், சாதா வகை ஓர் அடி நீளத்துக்கு 0.66 கன சென்டிமீட்டர் வரை பெருக்கலாம். குறைவாகப் பெருக்கும் வகைக்கு 0.33 தான் உச்சம். கணக்கில் பாதி. ஆனால் நல்ல ரப்பர் ஓஸ்களிலும் அந்த இரண்டாம் வகை உண்டு. ஆக, ஸ்டீல் போட்டால் பெடல் கெட்டியாகும், காலுக்கு நன்றாகத் தெரியும். வண்டி சட்டென்று நிற்பது டயர், லைனிங், டிஸ்க் இவற்றின் கையில் இருக்கிறது. 24 வருட ஓஸைக் கழற்றிவிட்டுப் புது ரப்பர் போட்டாலும், "அட, இது என் வண்டிதானா?" என்றுதான் கேட்பீர்கள். பலர் ஸ்டீலுக்குச் சூட்டும் மாலையில் பாதி, 'புதுசு' என்பதற்குச் சேரவேண்டியது.

கல்லும் முள்ளும் உரசும் பாதை என்றால் ஸ்டீலுக்கு என் ஓட்டு உண்டு. ஆனால் பின்னலுக்கு மேல் பிளாஸ்டிக் உறை போட்டதாக வாங்குங்கள். வெறும் பின்னல் ரம்பம் மாதிரி. தொடுகிற இடத்தையெல்லாம் அறுக்கும், உள்ளே மணல் புகுந்தால் தன் குழாயையே அறுத்துக்கொள்ளும். விரிசலும் வெளியே தெரியாது. முனைகள் தொழிற்சாலையில் அமுக்கிப் பொருத்தியதாக, தர முத்திரையும் தயாரித்த தேதியும் உள்ளதாக இருக்கட்டும். மண் அள்ளும் இயந்திரத்துக்கு ஓஸ் கட்டித்தரும் இடத்தில் அளவு கொடுத்து வாங்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஓஸின் உள்ரப்பர் மினரல் எண்ணெய்க்கானது. பிரேக் ஆயில் கிளைகால் (glycol) என்ற வேதிப்பொருள் வகை, அந்த ரப்பரைத் தின்றுவிடும்.

நீளம்தான் உங்கள் விஷயத்தில் முக்கியம். வண்டியைத் தூக்கியபோது ஓஸை விட்டுவிட்டீர்கள். தரையில் நிற்கும்போது தளர்வாகத்தான் தெரியும். சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி அச்சை முழுக்கத் தொங்கவிடுங்கள், ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் ஏற்றுங்கள், ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடியுங்கள். அந்த மோசமான நிலையிலும் ஓஸ் விறைக்கக் கூடாது; எதிர் நிலையில் டயரிலோ ஸ்பிரிங்கிலோ உரசவும் கூடாது. அதற்கு அளவெடுத்து வாங்குங்கள். அச்சு கீழே இறங்குவதை ஷாக் அப்சர்பரோ வாரோ தடுக்க வேண்டும், பிரேக் ஓஸ் தடுக்கக் கூடாது. பின் அச்சுக்குப் போகும் ஒற்றை ஓஸை மறந்துவிடாதீர்கள், எல்லோரும் மறப்பது அதைத்தான்.

மரையையும் பாருங்கள். 10 மில்லிமீட்டர் விட்டம், 1 மில்லிமீட்டர் இடைவெளி என்பது ஒன்று. 3/8 அங்குலத்தில் அங்குலத்துக்கு 24 மரை என்பது இன்னொன்று. கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள். 3/8 அங்குலம் என்பது 9.5 மில்லிமீட்டர் சொச்சம், ஆகவே 10 மில்லிமீட்டர் துளைக்குள் லொடலொடவென்று ஏறிவிடும், இறுகியதுபோலவும் நடிக்கும், முழு அழுத்தத்தில் உருவிக்கொண்டு வரும். விரலால் நாலைந்து சுற்று சுகமாக, ஆட்டமில்லாமல் ஏறினால்தான் ஸ்பேனரை எடுங்கள்.

கேள்வி: பின் ஓஸில் மட்டும் விரிசல். அது ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா?

பதில்: முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, மூன்றும் ஒரே நாளில் பிறந்தவை. எப்படியும் ஏர் எடுக்கத்தான், அதாவது குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றத்தான் போகிறீர்கள். எல்லாவற்றையும் மாற்றிவிட்டு ஒரே தடவையில் எடுங்கள். முன்பக்கம் ஒரு சக்கரத்துக்குப் புதுசும் மறு சக்கரத்துக்குப் பழசுமாக ஒருபோதும் ஓட்டாதீர்கள். காலிப்பரில் சேரும் போல்ட்டுக்கு இரண்டு செம்பு வாஷர்கள் வரும், அவையும் புதுசாக இருக்கட்டும். பழசைத் தேய்த்துப் போடும் சிக்கனம் வேண்டாம்.

கேள்வி: நானே ஓஸ் மாற்றி, பெடலைத் தரைவரை மிதித்து மிதித்து ஏர் எடுத்தேன். இப்போது பெடல் முன்னைவிடக் கீழே போகிறது. மிதித்தபடி வைத்திருந்தால் மெதுவாக இன்னும் இறங்குகிறது. எங்கும் ஒழுகலும் இல்லை. ஓஸ் சரியில்லையோ?

பதில்: பாவம், ஓஸைத் திட்டாதீர்கள். பெடலை மிதித்ததும் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டன் தினமும் பாதித் தூரம்தான் போய்வரும். அதற்கு அப்பால் பல வருடத் துருவும் அழுக்கும் படிந்திருக்கும். தரைவரை மிதித்தபோது ரப்பர் சீல் அந்தக் கரடுமுரடில் ஏறிக் கிழிந்திருக்கிறது. அதனால்தான் வெளியே ஒழுகாமல் பெடல் மட்டும் இறங்குகிறது. மாஸ்டர் சிலிண்டரை மாற்றும்வரை வண்டியை எடுக்காதீர்கள். அடுத்த முறை பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வையுங்கள், கால் அதற்குமேல் போகாது. மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்கி, கிட்டத்தில் இருப்பதில் முடியுங்கள். டப்பாவில் எண்ணெய் மட்டம் அடியில் போகாமல் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.

இன்னொன்று: பின் டிரம்மில் லைனிங் இடைவெளி அதிகமானாலும் பெடல் தாழும். இரண்டாம் மிதியில் பெடல் உயர்ந்து நின்றால் முதலில் அந்த இடைவெளியைச் சரிசெய்து பாருங்கள், செலவில்லாத வேலை.

கேள்வி: புது ஓஸோடு சிலிக்கோன் பிரேக் ஆயிலுக்கு மாறலாமா?

பதில்: வேண்டாம். டாட் 5 என்று வரும் சிலிக்கோன், பழைய எண்ணெயோடு கலக்காது. உள்ளே நுழையும் தண்ணீரையும் ஏற்றுக்கொள்ளாது. அது பள்ளமான இடத்தில் தேங்கித் துருவாக்கும். ஆற்றைக் கடக்கும் வண்டிக்கு இது எதற்கு? கிளைகால் வகையான டாட் 4 போதும். புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் அதுவே 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். நீண்ட இறக்கத்தில் பெடல் திடீரென்று காணாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுவது என் வழக்கம். தண்ணீரில் இறங்கும் வண்டி என்றால் வருடத்துக்கு ஒருமுறை. திறந்துவைத்த பழைய டப்பாவில் மிச்சம் இருக்கிறதே என்று அதை ஊற்றாதீர்கள். பெயிண்டில் சிந்தினால் துணியால் தேய்க்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.