ஷாங்காய் லா ஃபர்மில் மகளுக்கு வேலை கிடைக்குமா?

ஐயா, வணக்கம்.

சனிக்கிழமை பேசி முடித்துக் கீழே இறங்கிய பிறகு, மகளை வண்டியில் உட்காரச் சொல்லிவிட்டு நீங்கள் மட்டும் திரும்ப மேலே வந்தீர்கள். “வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்து ஷாங்காயில் எல்.எல்.எம். என்ற சட்ட மேல்படிப்பு படிக்க வைத்தால், அங்கேயே ஒரு வெளிநாட்டு லா ஃபர்மில் சேர்ந்துவிடுவாளா? உள்ளதைச் சொல்லுங்கள்” என்று கேட்டீர்கள். வாசலில் நின்று ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன். மகளும் படிக்கட்டும்.

உள்ளதைச் சொன்னால், இந்த வழியில் போனால் அந்த வேலை கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவள் ஆசையில் தப்பு இல்லை. சட்டம் படிக்கும் பிள்ளைகளில் சீன மொழியைத் தொடுகிறவர்கள் நம் பக்கம் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அது அவளுக்குப் பெரிய பலம். எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்ற வரிசையைத்தான் மாற்ற வேண்டும்.

வெளிநாட்டு லா ஃபர்ம்களை சீனா உள்ளே விட்டது 1992-ல். ஆனால் இன்றைக்கும் அவை அங்கே ‘பிரதிநிதி அலுவலகம்’ என்றுதான் பலகை மாட்ட முடியும். 2002 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, அந்த அலுவலகம் சீனச் சட்ட வேலை எதையும் எடுத்துச் செய்யக் கூடாது. சீனாவில் உரிமம் வைத்துத் தொழில் செய்யும் வழக்கறிஞரை வேலைக்கு வைக்கவும் கூடாது. அப்படியென்றால் அந்த அலுவலகங்களில் இருக்கும் சீனப் பிள்ளைகள் யார் என்று மகள் கேட்டாள். உள்ளே வரும்போது தங்கள் சீன உரிமத்தை நிறுத்தி வைத்துவிட்டு வந்தவர்கள், அல்லது அமெரிக்காவில் எல்.எல்.எம். படித்து நியூயார்க் பார் தேர்வு எழுதியவர்கள். சொந்த நாட்டுக்காரருக்கே உரிமத்தைக் கழற்றி வைத்தால்தான் கதவு திறக்கிறது.

வெளிநாட்டுக்காரர் அங்கே பிரதிநிதியாகப் பதிவு செய்ய வேண்டுமானால், சீனாவுக்கு வெளியே குறைந்தது 2 ஆண்டு வழக்கறிஞராகத் தொழில் செய்திருக்க வேண்டும். தலைமைப் பிரதிநிதிக்கு 3 ஆண்டு, அதோடு பார்ட்னர் நிலையும் வேண்டும். படித்து முடித்த கையோடு போய் நிற்கும் பெண்ணுக்கு இந்த வரிசையில் இடமே கிடையாது. சரி, சீனத் தேர்வை எழுதிவிடலாமே என்றால் அதுவும் முடியாது. 2018 முதல் நடக்கும் தேசிய சட்டத் தொழில் தகுதித் தேர்வு சீனக் குடிமக்களுக்கு உரியது. ஹாங்காங், மக்காவ், தைவான்காரர்கள் எழுதலாம். நாம் எழுத முடியாது. ஷாங்காயில் வாங்கும் எல்.எல்.எம். பட்டம் நல்ல படிப்பாக இருக்கலாம். அங்கே தொழில் செய்யும் உரிமத்தை அது தராது. இந்தப் படிப்பில் சேர்க்கச் சொன்ன ஏஜென்ட் உங்களிடம் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

இதற்காக சீனாவைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. வெளிநாட்டு லா ஃபர்ம்கள் இந்தியாவில் தொழில் செய்யலாமா என்ற வழக்கைத் தொடுத்தவர் சென்னை வழக்கறிஞர் ஏ.கே. பாலாஜி. சென்னை உயர் நீதிமன்றம் 2012-லும் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சிலும் தீர்ப்பளித்தன. எப்போதாவது விமானத்தில் வந்து ஆலோசனை சொல்லிவிட்டுத் திரும்பிப் போகலாம், இங்கே உட்கார்ந்து தொழில் செய்யக் கூடாது என்பதுதான் உச்ச நீதிமன்றம் சொன்னது. பார் கவுன்சில் 2023-ல்தான் கதவைக் கொஞ்சம் திறந்தது. எந்த நாடும் தன் சட்டத் தொழிலை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை.

இனி வேலைக்கு ஆள் எடுக்கும் நிலவரம். இதை நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் அந்த ஏஜென்ட் காட்டிய படங்கள் எல்லாம் பழைய காலத்தவை.

ரொம்ப காலம் இந்த ஃபர்ம்களுக்குச் சோறு போட்டது ஒரே வேலை: சீனக் கம்பெனிகளை ஹாங்காங்கிலும் நியூயார்க்கிலும் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோவது. அந்த ஓட்டத்துக்கு முதல் பிரேக் விழுந்தது 2020 நவம்பர் 3-ல். ஆன்ட் குழுமம் என்ற சீன நிதிக் கம்பெனியின் பங்கு வெளியீடு, பட்டியலாக இரண்டே நாள் இருக்கும்போது நிறுத்தப்பட்டது. 2021 ஜூன் 30-ல் தீதி டாக்சி கம்பெனி நியூயார்க்கில் 440 கோடி டாலர் திரட்டிப் பட்டியலானது. இரண்டு நாளில் சீன இணைய ஒழுங்குமுறை அமைப்பு விசாரணையை அறிவித்தது. அடுத்த ஆண்டே தீதி அங்கிருந்து வெளியேறியது. அதே 2021-ல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தனிநபர் தகவல் சட்டமும் வந்தன. 2023 ஜூலையில் உளவுத் தடுப்புச் சட்டம் இறுக்கப்பட்டது. ஒரு கட்சிக்காரரின் கோப்பை ஷாங்காய் கம்ப்யூட்டரிலிருந்து லண்டனுக்கு அனுப்பலாமா என்பதே தனிக் கேள்வி ஆகிவிட்டது. தென்டன்ஸ், தா செங் என்ற இரண்டு பெரிய ஃபர்ம்கள் 2015-ல் கைகோத்தவை, 2023-ல் பிரிந்துவிட்டன. 2024-ல் மாரிசன் ஃபோர்ஸ்டர் பெய்ஜிங் அலுவலகத்தையும் சிட்லி ஆஸ்டின் ஷாங்காய் அலுவலகத்தையும் மூடுவதாக அறிவித்தன. மேயர் பிரவுன் தன் ஹாங்காங் பிரிவிலிருந்து விலகுவதாகச் சொன்னதும் அதே ஆண்டுதான்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் மூடுகிறார்கள்? சம்பளக் கணக்கைப் பாருங்கள். நியூயார்க்கின் பெரிய ஃபர்ம்களில் முதலாண்டு அசோசியேட்டுக்கு (சம்பளத்துக்கு வேலை செய்யும் ஜூனியர் வழக்கறிஞருக்கு) 2023 கடைசியிலிருந்து ஆண்டுச் சம்பளம் 2,25,000 டாலர். ஹாங்காங்கில் இருக்கும் அமெரிக்க ஃபர்ம்கள் பலவும் இதே அளவில்தான் தருகின்றன. ஆர்டர் இல்லாத மாதத்தில் நூறு தையல் மெஷினுக்கு ஆள் வைத்திருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது வேலை திரும்புகிறது, அது உண்மை. மீடியா என்ற வீட்டு உபயோகப் பொருள் கம்பெனி 2024 செப்டம்பரிலும், பேட்டரி செய்யும் சிஏடிஎல் 2025 மேயிலும் ஹாங்காங்கில் பெரிய அளவில் பணம் திரட்டின. ஆள் தேவையும் அதன் பின்னால் வந்தது. ஆனால் அந்த மேசைகள் ஹாங்காங்கில் இருக்கின்றன. சீன மண்ணில் நடக்கும் சட்ட வேலையை ஜுன்ஹ, ஃபாங்டா, ஜோங்லுன் போன்ற சீன ஃபர்ம்களே எடுத்துக்கொண்டுவிட்டன. இவற்றைச் சேர்த்து அங்கே ‘சிவப்பு வட்டம்’ என்பார்கள். முன்பு வெளிநாட்டு ஃபர்ம் என்றால் ஓடிய சீன மாணவர்கள் இன்று இவர்களிடம் மாதக் கணக்கில் இன்டர்ன்ஷிப் செய்து, அதன் முடிவில் தேர்வாகக் காத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு மகளோடு ஒரு ஹாங்காங் வேலை விளம்பரத்தை கம்ப்யூட்டரில் வரிவரியாகப் படித்தோம். பங்குச் சந்தைப் பிரிவு, அசோசியேட். முதல் வரி: ஹாங்காங், இங்கிலாந்து, நியூயார்க் இவற்றில் ஒன்றில் தகுதி. அடுத்தது: தகுதி பெற்ற பின் 2 முதல் 4 ஆண்டு அனுபவம். மூன்றாவது வரியில் அவள் குரல் இறங்கியது: தாய்மொழி அளவுக்கு மாண்டரின் (பொதுச் சீன மொழி), பேச்சிலும் எழுத்திலும். இந்த மாதிரி விளம்பரங்களில் அந்த மூன்றாவது வரிதான் மற்ற எல்லாரையும் வடிகட்டுகிறது.

ஏன் அவ்வளவு கறாராகக் கேட்கிறார்கள் என்றால், அங்கே ஜூனியரின் வேலை அப்படி. பங்கு வெளியீட்டு ஆவணம் பல நூறு பக்கம் போகும், ஆங்கிலத்திலும் சீனத்திலும் வரும். அதிலுள்ள ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். “கம்பெனிக்குச் சொந்தமாக ஒன்பது ஆலைகள் உள்ளன” என்று ஒரு வரி இருந்தால், நாம் பட்டாவும் வில்லங்கச் சான்றும் பார்ப்பதுபோல அந்த ஒன்பதுக்கும் நில ஆவணம், குத்தகைப் பத்திரம் எல்லாவற்றையும் ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து பார்க்க வேண்டும். அத்தனையும் சீன எழுத்தில் இருக்கும். ஊர் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டீர்களே, அதைவிட இந்தத் தூக்கமில்லாத ராத்திரிகளைப் பற்றி அவளிடம் பேசுங்கள்.

உங்கள் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். மெஷினுக்கும் ஜிப்புக்கும் சீன சப்ளையருக்கு 30 சதவீதம் அட்வான்ஸ் அனுப்புகிறீர்கள். அவர்கள் ஒப்பந்தத்தில் அந்தப் பணத்துக்கு ‘திங்ஜின்’ என்று போட்டிருக்கும். காதுக்கு ஒரே சொல், ஒரே ஏற்ற இறக்கம். எழுத்தில் இரண்டு உண்டு, முதல் எழுத்து மட்டும் மாறும். ஒன்று சட்டம் காக்கும் ஈட்டுத்தொகை: சப்ளையர் ஒப்பந்தத்தை முறித்தால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும், நீங்கள் முறித்தால் பணம் போச்சு. இன்னொன்று வெறும் முன்பணம், அதற்கு இரட்டிப்பு கிடையாது. ஈட்டுத்தொகை என்றே எழுதியிருந்தாலும், 2021-ல் நடைமுறைக்கு வந்த சீனக் குடிமைச் சட்டப்படி ஒப்பந்தத் தொகையில் 20 சதவீதம் வரைதான் அந்தப் பாதுகாப்பு. உங்கள் 30-ல் மிச்சப் பத்து சாதாரண அட்வான்ஸ்தான். மகளிடம் இதைக் கேட்டபோது அவளுக்குச் சொல் தெரிந்தது, எழுத்து வித்தியாசம் தெரியவில்லை. எச்எஸ்கே என்ற சீன மொழித் தேர்வில் நான்காம் நிலை என்றால் கடைத்தெருவில் பேசலாம், நண்பர் பிடிக்கலாம். ஃபர்ம் சம்பளம் கொடுப்பது அந்த ஓர் எழுத்தைப் பார்த்தவுடன் பிடிக்கும் கண்ணுக்கு.

எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் இதே கேள்வியோடு வந்தான். ஆங்கிலத்தில் நடத்தும் எல்.எல்.எம்., முடித்தால் பிளேஸ்மென்ட் என்று ஒரு ஏஜென்சி எழுதியே கொடுத்திருந்தது. நான் “யோசித்துப் பாருங்கள்” என்று மட்டும் சொன்னேன், “வேண்டாம்” என்று சொல்லவில்லை. ஒன்றரை ஆண்டு கழித்துக் கடனோடு திரும்பி வந்தான். அவன் அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு பச்சையாக எழுதுகிறேன்.

இனி என்ன செய்யலாம். அவளுக்கு இன்னும் ஓர் ஆண்டுப் படிப்பு இருக்கிறது. முடித்து பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்வை எழுதட்டும். அப்புறம் சென்னையிலோ மும்பையிலோ டெல்லியிலோ, வெளிநாட்டு ஒப்பந்தங்களும் ஆர்பிட்ரேஷனும் (நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவர் முன் தீர்க்கும் வழக்குகளும்) பார்க்கும் ஃபர்மில் குறைந்தது 2 ஆண்டு. அந்த இரண்டு ஆண்டை வீணென்று நினைக்காதீர்கள். ஹாங்காங்கில் சொலிசிட்டர் ஆக வெளிநாட்டு வழக்கறிஞர்களுக்கென ஒரு தகுதித் தேர்வு இருக்கிறது. நம்மைப் போல ஆங்கிலேயச் சட்ட மரபில் வந்தவர்கள் அதை எழுத 2 ஆண்டு தொழில் அனுபவம் கேட்கிறார்கள். ஷாங்காய் அலுவலகத்தில் பதிவு செய்யவும் அதே 2 ஆண்டுதான் என்று மேலே சொன்னேன். இங்கே உழைக்கும் காலம் இரண்டு பக்கமும் கணக்கில் வரும்.

மேல்படிப்பு வேண்டும் என்றே அவள் நினைத்தால், ஷாங்காயை விட ஹாங்காங்கில் படிப்பது மேல். அங்கே பட்டம் முடித்த வெளிநாட்டு மாணவர், வேலை கையில் இல்லாவிட்டாலும் 24 மாதம் தங்கித் தேடலாம். செலவு அதிகம், அதனால் கையில் கொஞ்சம் சம்பாத்தியமும் அனுபவமும் வந்த பிறகு போகட்டும்.

மொழிக்குத் தனியாக ஓர் ஆண்டு ஒதுக்கச் சொல்வேன். அதற்குக் கடன் தேவையில்லை. சீன அரசின் உதவித்தொகை இருக்கிறது. தைவான் அரசு மாண்டரின் படிக்கவே தரும் ஹுவாயு உதவித்தொகை இருக்கிறது. சென்னையில் 2012 முதல் இயங்கும் தைபே மையத்தில் அதைப் பற்றி விசாரிக்கலாம். தைவானில் படித்தால் பழைய முழு எழுத்து முறை பழகும், ஹாங்காங்கில் புழங்குவதும் அதுதான். அங்கிருந்து திரும்பினால் நம் பக்கமே வேலை உண்டு: ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான் இருக்கிறது, தைவான் காலணிக் கம்பெனிகள் தமிழ்நாட்டுக்குள் வந்துகொண்டிருக்கின்றன. ஒப்பந்தம் பார்க்க இரண்டு மொழியும் சட்டமும் தெரிந்த ஆள் அவர்களுக்குக் கிடைப்பது சிரமம்.

என் மனதுக்குப் பட்டதைச் சொன்னால், அவளுக்குப் பொருத்தமான ஊர் சிங்கப்பூர். அங்குள்ள சர்வதேச ஆர்பிட்ரேஷன் மையத்துக்கு வரும் வெளிநாட்டுக் கட்சிக்காரர்களில் இந்தியாவும் சீனாவும் ஆண்டுதோறும் முன்வரிசையில் நிற்கின்றன. மத்தியப் பிரதேசத்தின் சாசன் அனல் மின் நிலையத்துக்குக் கருவி கொடுத்த ஷாங்காய் எலெக்ட்ரிக், பாக்கிப் பணத்துக்காக ரிலையன்ஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் மேல் வழக்கு நடத்தியது அங்கேதான். அப்படி ஒரு வழக்கில் ஒரு பக்கக் கடிதங்கள் சீனத்தில் இருக்கும், இன்னொரு பக்கம் இந்திய மின் கொள்கையும் இந்திய நீதிமன்ற நடைமுறையும் தெரிய வேண்டும். பெய்ஜிங்கில் பிறந்த பிள்ளையோடு மாண்டரினில் போட்டி போட்டால் இவள் இரண்டாம் இடம்தான். ஆனால் இந்தியச் சட்டமும் தெரிந்து சீன ஒப்பந்தமும் படிக்கத் தெரிந்தவர்கள் என்று பார்த்தால் அந்த அறையில் இரண்டு மூன்று பேர்கூட இருக்க மாட்டார்கள்.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை இருவரும் வாருங்கள். உங்கள் சப்ளையர் கடைசியாக அனுப்பிய சீன மொழி ஒப்பந்தத்தை எடுத்து வரச் சொல்லுங்கள். ஒரே ஒரு பக்கம், போனைத் தொடாமல் படித்து, உங்களுக்குத் தமிழில் சொல்லட்டும். எங்கே தடுமாறுகிறாள் என்று குறித்துக்கொண்டு, உதவித்தொகை விண்ணப்பத்தை அங்கேயே தொடங்கிவிடலாம். பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.